புரட்சிக்கு முன் எழுந்த கடிதங்கள்

பிரெஞ்சுப் புரட்சி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பாஸ்டில் சிறைக்கோட்டை. 1789-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14-ஆம் நாள் பாரிஸ் மக்கள் அக்கோட்டையின் வாயிலில் திரண்டதும், பீரங்கி முழங்கியதும், மாலைக்குள் கோட்டை வீழ்ந்ததும் பள்ளி மாணவரும் அறிந்த வரலாறு. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் ஒருநாள் காலையில் கண் விழித்தெழுந்து, 'இனி எங்கள் சொல்லையும் கேட்டே ஆகவேண்டும்' என்று திடீரெனக் கூறிவிடுவதில்லை. தம் சொல்லுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் முன்னரே வேர்விட்டிருக்க வேண்டும். அவ்வெண்ணம் எங்கே, எவ்வாறு வேர்விட்டது? அறிஞர்களின் நூல்களிலிருந்து அது பிறந்தது என்பர் சிலர். வறுமையிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே, அதிகமாக எவர் கண்ணிலும் படாத ஓர் இடம் இருக்கிறது. அதுதான் செய்தித்தாள்களில் வாசகர் கடிதங்கள் வெளிவந்த பகுதி. அதைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

புரட்சிக்கு முந்திய பிரான்சின் நிலையை முதலில் நினைவுகூர்வோம். பாதிரிமார், பிரபுக்கள், ஏனையோர் என மக்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். இம்மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகளும் கூடும் பேரவை ஒன்று பண்டைக்காலந்தொட்டே இருந்தது. எனினும் 1614-ஆம் ஆண்டுக்குப் பின் அரசர்கள் அதனைக் கூட்டவே இல்லை. ஆகவே நாட்டு நடப்பைப் பற்றிக் குடிமக்கள் வெளிப்படையாகப் பேசுவதற்கு அரசின் அமைப்பில் இடமே கிடையாது. அரசியல் அரசருக்கு உரியது. மற்றவர்க்கு உரியது அடக்கம்.

செய்தித்தாள்களின் நிலையும் இதற்கு ஒத்ததே. தெயோஃப்ராஸ்த் ரெனோதோ என்னும் மருத்துவர் 1631-ஆம் ஆண்டில் தொடங்கிய 'கஸெத்' என்னும் இதழே நாட்டுச் செய்தியை அச்சிடும் உரிமை பெற்றிருந்தது. அரசவை எதை வெளியிட விரும்பியதோ அதுவே அதில் வெளிவந்தது. வேறெந்தத் தாளை நடத்துவதாயினும் அரசரின் உரிமைச்சீட்டு வேண்டும். அச்சேறுமுன் தணிக்கை அதிகாரியின் பார்வைக்கும் அனுப்ப வேண்டும். அரசைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் வாதம் செய்தல் கூடாது. உண்மையான அரசியல் செய்தியை நாடியவர்கள் ஹாலந்து போன்ற அயல்நாடுகளில் பிரெஞ்சு மொழியில் அச்சாகி வந்த தாள்களையே நம்பியிருந்தனர்.

அப்படியானால் உள்நாட்டுத் தாள்களில் என்னதான் இருந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மாகாண நகரங்களில் 'அஃபீஷ்' எனப்படும் விளம்பரத் தாள்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 1789-க்குள் நாற்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் இத்தகைய தாள்கள் பரவியிருந்தன. விற்பனைக்கு வரும் வீடு, வாடகைக்கு விடும் அறை, வேலை தேடும் சமையற்காரர், சந்தையில் கோதுமையின் விலை, துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த கப்பல் ஆகியவையே அவற்றின் உள்ளடக்கம். வாரத்துக்கு ஒரு முறை வெளிவரும் மெல்லிய தாள் அது. அரசனும் அமைச்சரும் அதைக் கண்டு அஞ்சுவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

1777-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று பிரான்சின் முதல் நாளிதழாகிய 'ஜூர்னால் த பாரி' வெளிவந்தது. இதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர் மருந்து செய்யும் கலையில் வல்ல காதே த வோ. மற்றொருவர் ஜெனீவா நகரிலிருந்து வந்த கடிகாரத் தொழிலாளர் ரோமீயி. நாலு பக்கத் தாள் அது. முதற் பக்கத்தில் காற்றின் திசை, வெப்பநிலை, ஸேன் ஆற்றின் நீர்மட்டம், தெருவிளக்கு ஏற்றும் நேரம் முதலிய தகவல்கள் இருக்கும். அதன்பின் புதிய நூல்கள், நாடகங்கள், இவற்றோடு வாசகர் கடிதங்கள். 'பத்திரிகையின் ஆசிரியர்களுக்கு' என்னும் தலைப்பில் வெளிவந்த அக்கடிதங்கள் நாளடைவில் அந்த இதழின் உயிர்நாடி ஆயின. மாகாணத் தாள்களும் அவ்வாறே கடிதங்களை விரும்பி வரவேற்றன.

இதற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. நாள்தோறும் நாலு பக்கத்தை நிரப்ப வேண்டும். அரசியலை எழுதவோ இடமில்லை. கட்டுரையாளர்களுக்குக் கொடுக்கப் பணமும் போதாது. வாசகர் கடிதங்களுக்குக் கூலி இல்லை. அக்காலத்தில் அஞ்சற் கட்டணத்தைப் பெறுபவரே செலுத்துவது வழக்கம். ஆகையால், 'கட்டணம் செலுத்திய கடிதங்களையே ஏற்போம்' எனப் பத்திரிகையாளர்கள் நிபந்தனை விதித்தனர். தம் கருத்தைப் பிறர் அறியவேண்டும் என்பதற்காகத் தம் கைப்பொருளைச் செலவிட்டு எழுதியவர்கள் இந்தக் கடிதக்காரர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அவர்கள் எதைப் பற்றி எழுதினார்கள்? முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்று எழுதினார்களா? இல்லை. நீரில் மூழ்கியவரை மீட்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். இடிதாங்கியைப் பற்றியும், குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுவதைப் பற்றியும், உருளைக்கிழங்கு நல்ல உணவுதானா என்பதைப் பற்றியும் எழுதினார்கள். ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரைச் சொல்லி உதவி வேண்டினார்கள். உதவியவரின் நற்செயலைப் பாராட்டினார்கள். இன்று படித்துப் பார்த்தால், இவற்றுக்கும் புரட்சிக்கும் என்ன தொடர்பு என்றே கேட்கத் தோன்றும். அத்தொடர்பை ஓரிரு சான்றுகளால் விளக்க முயல்கிறேன்.

பாரிஸ் நகரில் பியா என்னும் மருந்து வல்லுநர், 1772-ஆம் ஆண்டில் ஸேன் ஆற்றங்கரையில் மீட்புப் பெட்டிகளை வைக்க ஏற்பாடு செய்தார். நீரில் மூழ்கி மூச்சற்றுக் கிடப்பவர் எல்லாரும் இறந்தவர் அல்லர் என்பது அப்போதுதான் ஐரோப்பாவில் பலரும் உணரத் தொடங்கிய உண்மை. அதுவரை, கரையில் இழுத்துப் போட்ட உடலைத் தொடுவதற்கே மக்கள் அஞ்சுவர். இவ்வழக்கத்தை அரசாணை ஒன்றினால் மட்டும் மாற்றிவிட முடியுமா? மீட்கப்பட்டவர்களைப் பற்றிய விவரங்கள் தாள்களில் வெளிவந்தன. எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு நேரம் நீரில் கிடந்தார், என்ன செய்தார்கள், எப்போது மூச்சு வந்தது என்றெல்லாம் கண்டவர்கள் எழுதினார்கள். புகையிலைப் புகையை உடலுக்குள் ஊதுவது போன்ற சில முறைகள் பயனற்றவை என இன்று அறிவோம். ஆயினும், 'நான் கண்டேன், நான் செய்தேன், இது பலித்தது' என்று ஒரு சிற்றூர் மருத்துவரோ பாதிரியாரோ நாட்டாரின் முன் சான்று கூறியது புதுமையான செயல் அன்றோ? அவருடைய சொல்லுக்கு வலிமை தந்தது அவருடைய பட்டம் அன்று. அவர் நேரில் கண்ட அனுபவமே.

இடிதாங்கியின் கதை இதனினும் சுவையானது. பெஞ்சமின் பிராங்க்லின் கண்டறிந்த இக்கருவியைச் சிலர் போற்றினர், பலர் அஞ்சினர். 1780-ஆம் ஆண்டில், வட பிரான்சில் உள்ள ஸேன்ட் ஓமேர் என்னும் ஊரில் விஸ்ஸெரி என்பவர் தம் வீட்டின்மேல் ஓர் இடிதாங்கியை நாட்டினார். அது இடியைத் தாங்காது, வலிய இழுத்துக் கொணரும் என்று அயலார் கலங்கினர். அதனை அகற்றுமாறு நகர அதிகாரிகள் கட்டளையிட்டனர். விஸ்ஸெரி பணியவில்லை, வழக்குத் தொடுத்தார். அறிஞர் பலரின் கருத்துகள் திரட்டப்பட்டன. 1783-ஆம் ஆண்டு மே மாதம் ஆராஸ் நகர நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடி வென்றவர் இருபத்தைந்து வயது நிரம்பிய ஓர் இளம் வழக்கறிஞர். அவருடைய வாதம் அச்சேறிப் பலர் கைக்கும் சென்றது. அந்த இளைஞரின் பெயர் மாக்ஸிமிலியன் ரோபெஸ்பியர். ஓர் ஊரின் கூரைமேல் நாட்டிய இரும்புக் கம்பியைப் பற்றிய பூசல், நாடு முழுவதும் படித்தவர்கள் கூடி ஆராயும் வழக்காக மாறியதைக் காண்கிறோம். அதிகாரிகள் கூறியது தவறு என்பதை அறிவின் துணைகொண்டு மெய்ப்பிக்கலாம் என்னும் நம்பிக்கை இத்தகைய நிகழ்ச்சிகளால் வலுப்பெற்றது.

கடிதம் எழுதுவது எவ்வளவு பரவிய வழக்கமாகிவிட்டது என்பதை அறிய ஒரு வழி உண்டு. ஒன்றைப் பற்றிக் கேலி செய்ய வேண்டுமானால், அது எல்லாரும் அறிந்ததாக இருத்தல் வேண்டும். 1784-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாளைய 'ஜூர்னால் த பாரி' இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. அதை எழுதியவர் அப்போது அமெரிக்கத் தூதராகப் பாரிஸுக்கு அருகில் வாழ்ந்த எழுபத்தெட்டு வயதுப் பிராங்க்லின். காலை ஆறு மணிக்கு ஓர் ஓசை கேட்டு விழித்தாராம். அறை முழுவதும் வெளிச்சமாக இருந்ததாம். யாரோ விளக்குகளை ஏற்றிவிட்டார்கள் என எண்ணிப் பார்த்தால், உதித்த கதிரவனே அந்த ஒளிக்குக் காரணம் என்பதைத் தாம் கண்டுபிடித்ததாகவும், கதிரவன் உதிக்கும்போதே ஒளி தருகிறான் என்னும் இப்பேருண்மையை நண்பர்கள் நம்ப மறுப்பதாகவும் அவர் எழுதினார். பாரிஸில் ஒரு லட்சம் குடும்பங்கள் விடியற்காலையில் எழுந்தால், ஆறு மாதத்தில் 9 கோடியே 60 லட்சத்து 75 ஆயிரம் லீவர் பெறுமான மெழுகும் கொழுப்பும் மிச்சமாகும் என்று கணக்கும் போட்டுக் காட்டினார். நாள்தோறும் யாரேனும் ஒருவர் புதிய கண்டுபிடிப்பையும் நாட்டு நலத் திட்டத்தையும் எழுதி அனுப்புவதைப் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு அல்லவா அந்த நகைச்சுவை விளங்கும்!

கடிதத்தில் ஏமாற்றும் உண்டு. 1783-ஆம் ஆண்டு, வானில் பறக்கும் பலூனை மனிதன் கண்ட ஆண்டு. அவ்வாண்டு டிசம்பரில், கடிகாரத் தொழிலாளர் ஒருவர் எழுதியதாக அதே இதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. மீள்திறன் உடைய காலணிகளைத் தாம் செய்திருப்பதாகவும், அவற்றை அணிந்து புத்தாண்டு நாளில் ஸேன் ஆற்றின்மேல் நடந்து காட்டப் போவதாகவும், அதற்குப் பரிசாக 200 லூயி நாணயம் திரட்டித் தரவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. மக்கள் ஆர்வத்தோடு பணம் கொடுத்தார்கள். முடிவில் அது ஒரு குறும்புக்காரர் செய்த வேடிக்கை என்பது தெரிந்தது; அப்படியொரு கடிகாரத் தொழிலாளரே இல்லை! பத்திரிகையும் வாசகரும் நாணினர். ஆனால் அந்த நாணமும் ஒரு பாடமே. அச்சில் வந்ததெல்லாம் உண்மை ஆகாது. எழுதியவர் யார், சான்று என்ன என்று கேட்க வேண்டும் என்பதை மக்கள் கற்றுக்கொண்டனர். பொதுக்கருத்து என்பது பலர் ஒன்றை நம்புவது மட்டும் அன்று. நம்பியதைச் சோதித்துத் திருத்திக்கொள்வதும் அதில் அடங்கும்.

இத்தகைய கடிதங்களால் மூன்று பழக்கங்கள் மக்களிடையே படிந்தன எனலாம். முதலாவது, பட்டமும் பதவியும் இல்லாதவரும் நாட்டாரை நோக்கிப் பேசலாம் என்பது. இரண்டாவது, பேசுகின்றவர் தம் கூற்றுக்குக் காரணம் காட்ட வேண்டும் என்பது. ஒரு வாரம் ஒருவர் எழுதியதை மறுவாரம் மற்றொருவர் மறுப்பார். படிப்பவர் நடுவராக இருந்து தீர்ப்பளிப்பார். மூன்றாவது, முன்பின் கண்டறியாத மனிதரின் துன்பமும் நம் கவலைக்கு உரியது என்பது. எங்கோ ஓர் ஊரில் வீடு தீப்பட்ட குடும்பத்துக்காக வேறோர் ஊரில் இருப்பவர் பணம் அனுப்பும்போது, இருவரும் ஒரே நாட்டு மக்கள் என்னும் உணர்ச்சி அரும்புகிறது. இம்மூன்றும் அரசியல் அல்ல. ஆயினும் இம்மூன்றும் இன்றேல் மக்களாட்சி அரசியல் இல்லை.

இனி, அரசரின் அதிகாரமும் இக்கடிதப் பகுதியும் நேருக்கு நேர் மோதிய ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 'ஃபிகாரோவின் திருமணம்' என்னும் நாடகத்தால் பெரும்புகழ் பெற்றவர் போமார்ஷே. அந்நாடகத்தின் வருவாயைத் தம் குழந்தைகளுக்குத் தாமே பாலூட்டும் ஏழைத் தாய்மாரின் உதவிக்குத் தர முன்வருவதாக, 1784-இல் அவர் 'ஜூர்னால் த பாரி'க்கு எழுதினார். அதனைத் தொடர்ந்து பெயரில்லாத கடிதங்கள் அவரைக் கிண்டல் செய்தன. 1785-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் எழுதிய மறுமொழியில், அந்நாடகத்தை மேடையேற்றுவதற்காகச் சிங்கங்களையும் புலிகளையும் வெல்ல வேண்டியிருந்த தமக்கு இச்சிறு பூச்சிகள் எம்மாத்திரம் என்னும் கருத்துப்பட ஏதோ சொல்லிவிட்டார். சிங்கமும் புலியும் தம்மையும் அரசியையும் குறிப்பன என்று பதினாறாம் லூயி மன்னர் கருதினார். சீட்டாட்டத்தில் அமர்ந்திருந்தவர், கையிலிருந்த ஒரு சீட்டின்மீதே ஆணையை எழுதினார் என்பர். ஐம்பத்து மூன்று வயதான அந்த ஆசிரியர், அடங்காத இளைஞரை அடைத்துத் திருத்தும் ஸேன்ட் லாஸார் சிறையில் அடைக்கப்பட்டார்.

பாரிஸ் நகரம் முதலில் சிரித்தது. பிறகு சிந்தித்தது. ஒரு செய்தித்தாளில் எழுதிய ஒரு வரிக்காக, விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் அடைக்கலாம் என்றால், நாளை அந்தக் கதி எவருக்கு வராது? இக்கேள்வி காப்பிக் கடைகளிலும் விருந்து மண்டபங்களிலும் எழுந்தது. சில நாட்களிலேயே மன்னர் அவரை விடுவித்தார். சட்டம் மாறவில்லை, அதிகாரம் குறையவில்லை. எனினும் அரசரின் ஆணையை மக்கள் எடைபோட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதை அந்நிகழ்ச்சி புலப்படுத்தியது.

பொதுக்கருத்தின் வலிமையை அரசவையிலும் உணர்ந்த ஒருவர் இருந்தார். அவரே நிதிப் பொறுப்பை வகித்த நெக்கர். அமெரிக்கப் போருக்கு உதவியதால் பிரான்சின் கடன் மலைபோல் வளர்ந்திருந்தது. கடன் வாங்குவதற்குப் பீரங்கி பயன்படாது. கொடுப்பவருடைய நம்பிக்கை வேண்டும். ஆகவே 1781-ஆம் ஆண்டில் அவர் அரசரின் வரவு செலவுக் கணக்கையே நூலாக அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை நாட்டின் கணக்கு அரசரின் மறைபொருள். மக்கள் பல்லாயிரக்கணக்கில் அந்நூலை வாங்கிப் படித்தனர். அரசவையார்க்கு எவ்வளவு பணம் உதவித் தொகையாகச் செல்கிறது என்பதை முதன்முறையாகக் கண்டனர். அக்கணக்கில் நெக்கர் குறைகளை மறைத்து நிலைமையை நல்லதாகக் காட்டினார் என்பதும் உண்மை. ஆயினும், கணக்கு மக்களிடம் காட்டப்பட வேண்டியது என்ற கருத்து பிறந்துவிட்டது. அதே ஆண்டில் அவர் பதவி இழந்தார். 1784-இல் எழுதிய மற்றொரு நூலில், கருவூலமும் காவலரும் படையும் இன்றியே அரசவைக்கும் கட்டளையிட வல்ல கண்காணா ஆற்றல் என்று அவர் பொதுக்கருத்தை வருணித்தார்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். இக்கடிதங்களை எழுதியவர்கள் உண்மையிலே சாதாரண மக்களா? நேர்மையாக இதற்கு விடை கூற வேண்டும். 1786 முதல் 1790 வரை நடந்த திருமணங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தோர், மணமக்களில் ஆண்கள் 47 விழுக்காட்டினரும் பெண்கள் 27 விழுக்காட்டினருமே தம் கையெழுத்தை இட வல்லவராக இருந்தனர் எனக் கண்டனர். 'ஜூர்னால் த பாரி'யின் ஆண்டுச் சந்தா பாரிஸில் 24 லீவர். அது அந்நகரக் கூலியாளர் ஒருவரின் ஏறத்தாழ மூன்று வாரக் கூலி. எனவே கடிதம் எழுதியவர்களுள் மிகப் பலர் வழக்கறிஞர், மருத்துவர், பாதிரியார், வணிகர், அலுவலர் போன்றோரே. பெண்கள் எழுதினர், ஆனால் சிலரே. உழவரும் கூலியாளரும் பேசப்பட்டார்களே ஒழிய, பேசினவர்களாக இல்லை. ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேயர் 1789 ஆகஸ்டில் மூலேன் என்னும் நகரத்தின் பெரிய காப்பிக் கடையில் ஒரு செய்தித்தாள் கேட்டபோது, அங்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று வியந்து எழுதியிருக்கிறார். நாடு முழுவதும் தாள்கள் பரவியிருந்தன என்று நாம் மிகைப்படுத்திவிடக் கூடாது.

ஆயினும் அரசரோடும் பிரபுக்களோடும் ஒப்பிடும்போது, அந்தச் சிற்றூர் மருத்துவரும் நகரத்து எழுத்தரும் அரசியலில் குரலற்றவர்களே. அவர்கள் பெற்ற பயிற்சி, மற்றவர்களுக்கும் பயன்படும் காலம் விரைவில் வந்தது.

1788-ஆம் ஆண்டில் கருவூலம் வறண்டது. வேறு வழியின்றி, 174 ஆண்டுகளாகக் கூடாத பேரவையைக் கூட்ட அரசர் இசைந்தார். அதனை எவ்வாறு கூட்டுவது என்பதைப் பற்றி நகர அவைகளும் கற்றவர்களும் தம் கருத்தை அனுப்பலாம் என்று அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் ஆணை பிறந்தது. எட்டே நாட்களில், ஜூலை 13 அன்று, பெரும் கல்மழை பெய்து பாரிஸைச் சூழ்ந்த பகுதிகளின் விளைச்சலை அழித்தது. அதன்பின் கடுங்குளிர். 1789 பிப்ரவரியில் பாரிஸில் நாலு பவுண்டு ரொட்டியின் விலை பதினாலரை சூ ஆயிற்று. இருபது முதல் முப்பது சூ வரை நாட்கூலி பெற்றவன், அதில் பாதியையோ அதற்கு மேலோ ரொட்டிக்கே கொடுக்க நேர்ந்தது.

பசி ஒருபுறம் வாட்ட, பேசலாம் என்னும் அனுமதி மறுபுறம் கிடைத்தது. 1789-இன் தொடக்கத்தில் ஊர்தோறும் மக்கள் கூடித் தம் குறைகளை எழுதி அனுப்புமாறு அரசர் பணித்தார். ஏறத்தாழ 60,000 குறையேடுகள் எழுதப்பட்டன. மாதா கோயிலிலோ ஊர்ப் பொது இடத்திலோ உழவர்கள் கூடினர். எழுதத் தெரிந்த ஒருவர் எழுதினார். உப்பு வரியின் கொடுமை, பிரபுவின் புறாக்கள் விதைத்த தானியத்தைத் தின்றுவிடுதல், வேட்டை விலங்குகள் பயிரை அழித்தாலும் அவற்றை விரட்ட உரிமையின்மை ஆகிய யாவும் எழுத்தில் ஏறின. எழுதிக்கொடுத்தவர் யார்? பெரும்பாலும் ஊர்ப் பாதிரியார், ஆவண எழுத்தர், சிறுநகர வழக்கறிஞர் ஆகியோர். செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதிப் பழகிய அதே வகுப்பினர் இவர்கள். கண்டதைக் கூறுதல், காரணம் காட்டுதல், பொதுநலத்தை முன்வைத்தல் என்னும் அதே முறை இங்கே உழவரின் குறையைச் சொல்லப் பயன்பட்டது. நூற்றாண்டுகளாக வாய்க்குள் முணுமுணுத்த துயரம், அன்று தாளில் எழுதிக் கையொப்பமிட்ட கோரிக்கையாயிற்று.

மே 5-ஆம் நாள் வெர்சாய் நகரில் பேரவை கூடியது. அங்கு நடப்பதை மக்களுக்கு அறிவிக்க மிராபோ ஒரு செய்தித்தாள் தொடங்கினார். உரிமைச்சீட்டு இல்லை என்று அரசு அதைத் தடுத்தது. மிராபோ என்ன செய்தார் தெரியுமா? தாளின் பெயரை மாற்றி, 'தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மிராபோ பிரபு எழுதும் கடிதங்கள்' என்று வெளியிட்டார்! பிரதிநிதி ஒருவர் தம்மை அனுப்பிய மக்களுக்குக் கடிதம் எழுதுவதை எந்த அரசு தடுக்க முடியும்? கடிதம் என்னும் எளிய வடிவம் தணிக்கையின் தளையை அறுத்தது. ஜூலைக்குப் பின் புதிய தாள்கள் காளான்போல் முளைத்தன. ஆகஸ்ட் 26-ஆம் நாள் நிறைவேறிய மனித உரிமை அறிக்கையின் 11-ஆம் பிரிவு, பேசவும் எழுதவும் அச்சிடவும் குடிமக்கள் அனைவர்க்கும் உரிமை உண்டு என்று உறுதி கூறியது. அவ்வுரிமையைத் தவறாகப் பயன்படுத்தினால் சட்டத்துக்கு விடை கூற வேண்டும் என்றும் அதே பிரிவு வரம்பு கட்டியது.

ஆகவே கடிதங்கள்தாம் புரட்சியை உண்டாக்கின என்று கூறலாமா? கூடாது. அரசின் கடனும், வரியின் அநீதியும், ரொட்டியின் விலையும் இன்றேல் 1789 நிகழ்ந்திராது. நெருப்பை மூட்டியவை அவை. ஆனால் பசியால் எழும் கலகங்கள் பிரான்சில் முன்பும் பலமுறை எழுந்து அடங்கியுள்ளன. இம்முறை பசியோடு, பலர் கூடிச் சிந்திக்கும் பழக்கமும் சேர்ந்திருந்தது. அதனால்தான் கலகம் என்ற அளவில் நில்லாமல், சட்டம் இயற்றும் முயற்சியாக அது வளர்ந்தது.

இவ்வரலாற்றின் கடைசிப் பகுதி துயரமானது. அதனை மறைத்தல் தகாது. உரிமை பெற்ற பத்திரிகைகள் விரைவில் கட்சிகளின் வாளாயின. காரணம் காட்டி மறுக்கும் பழைய பழக்கம் தளர்ந்து, எதிர்த்து எழுதியவனைத் துரோகி என்று தூற்றும் பழக்கம் வளர்ந்தது. ஆந்த்ரே ஷெனியே என்னும் கவிஞர், வன்முறையாளரைக் கண்டித்து 'ஜூர்னால் த பாரி'யில் எழுதினார். ஒரு காலத்தில் இடிதாங்கியையும் மெழுகுவத்தியையும் பற்றிய கடிதங்களைத் தாங்கிவந்த அதே தாள்தான்! 1794-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் அக்கவிஞரின் தலை கொலைக்கருவியில் துண்டிக்கப்பட்டது. அப்போது ஆட்சிக் குழுவில் ஓங்கி நின்றவர், இடிதாங்கி வழக்கில் அறிவுக்காக வாதாடிய அதே ரோபெஸ்பியர். மூன்று நாட்களுக்குப் பின் அவரும் அதே கருவிக்கு இரையானார். 1800-ஆம் ஆண்டு ஜனவரியில் நெப்போலியன் ஓர் ஆணையால் பாரிஸின் அரசியல் தாள்களை 73-லிருந்து 13 ஆகக் குறைத்தார். வாய் திறந்த நாடு மீண்டும் வாய் மூடியது.

இதிலிருந்து நாம் உணரத்தக்கது யாது? எழுதும் உரிமையை ஒரு சட்டம் ஒரே நாளில் தரலாம். மற்றோர் ஆணை ஒரே நாளில் பறிக்கலாம். ஆனால் பிறர் கருத்தைப் பொறுமையோடு கேட்டு, காரணத்தோடு மறுத்து, தவறு கண்டால் திருத்திக்கொள்ளும் பண்பு ஒரே நாளில் வருவதன்று. அது சிறு சிறு செய்திகளில், நாள்தோறும் பழகிப் பழகி வரவேண்டியது. நீரில் மூழ்கியவனை எப்படி மீட்பது என்று அக்கறையோடு எழுதிய அந்தச் சிற்றூர் மருத்துவருக்கு, தாம் ஒரு பெரிய மாற்றத்துக்கு வழி கோலுகிறோம் என்பது தெரிந்திராது. தெருவிளக்கு எரியவில்லை என்றோ, கிணற்று நீர் கெட்டுவிட்டது என்றோ ஒருவர் பத்திரிகைக்கு எழுதும் நாலு வரியை நாமும் அற்பமென ஒதுக்கிவிடலாகாது. தாம் கண்ட உண்மையை, தம் பெயரிட்டு, பலர் அறியக் கூறுகின்ற ஒவ்வொருவரும் பொதுக்கருத்து என்னும் மாளிகைக்கு ஒரு செங்கல் எடுத்து வைக்கிறார். அம்மாளிகை உறுதியாக நிற்பதும் சாய்வதும் அந்தச் செங்கற்களின் தன்மையைப் பொறுத்ததே.